புயலுக்குப் போட்ட வண்டிகள்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டுதான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் புயலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அறுபதுகளின் கடைசியில், திருச்சுழிக்குத் தெற்கே அந்தக் கரிசல் கிராமத்துக்கு டீச்சராகப் போன புதிதில் நானும் அப்படித்தான் கேட்டேன். வங்கக் கடலில் புயல் என்று ரேடியோ சொன்னால் மற்ற ஊர்களில் முகம் இருண்டுவிடும். இங்கே முகம் மலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால்தான் எங்களுக்கு மழை, கண்மாய்க்குத் தண்ணீர். அதனால் வா வா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவதோடு விட்டாலும் பரவாயில்லை. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற வேண்டிய கலுங்கை மண்ணும் கல்லும் வைத்து அடைத்தும் விடுவார்கள். ஒரு சொட்டு வீணாகிவிடக் கூடாதாம். கரை தாங்குமா என்று கேட்டால், "அதெல்லாம் நிக்கும் டீச்சர், நீங்க பாடத்தப் பாருங்க" என்பார்கள்.

நான் குடியிருந்தது அந்தக் கரைக்கு நேர் கீழே. ஒற்றை அறை, மண் சுவர், நாட்டு ஓடு. கல்யாணமாகாத பொம்பளைக்கு ஊருக்குள் வேறு யாரும் வீடு தரவில்லை. பாளையம்பட்டியில் அண்ணன் வீடு இருந்தது. அங்கே அண்ணி இருந்ததால் எனக்கு இடமில்லை. சனிக்கிழமை ஆனால் போதும், "ஊருக்குப் போகலையா டீச்சர்?" என்று தெருவே கேட்கும். "போகணும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திங்கட்கிழமை வரை உள்ளேயே கிடப்பேன். அடுப்புப் புகைகூட வெளியே தெரியாமல் பழையதைக் கரைத்துக் குடித்த நாட்களும் உண்டு. தனியாக இருப்பதைவிட, தனியாக இருக்கிறாள் என்று நாலு பேர் பார்ப்பதுதான் எனக்குத் தாங்காது.

மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, உண்மையிலேயே பெரிய புயல் ஒன்று கரையேறி எங்கள் பக்கம் திரும்பியது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வானம் சட்டிக் கரி மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது. பஸ்ஸும் வரவில்லை. வைக்கோல் படப்பில் கயிறு போட்டுக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினார்கள். நானும் என் பங்குக்குத் தீப்பெட்டியை டப்பாவில் போட்டு மூடி, துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடைத்தேன். பத்து மணி வாக்கில் தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் வந்தான். கண்மாய்க்கரைத் தெருவில் ஒருத்தரும் இருக்கக் கூடாது, எல்லாரும் ரோட்டு மேட்டில் பருத்திப் பொதிகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போக வேண்டும், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வீடு வண்டி போட்டிருக்கிறார், வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்றான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். காற்று கதவைப் பிய்த்ததால் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். வெளியே வண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு வண்டி போயிற்று. இன்னொன்று போயிற்று. அடுத்தது நமக்குத்தான் என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன். எவ்வளவு பெரிய மக்கு நான்! மழை வலுத்து, பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கத்தினேன். யார் பெயரைச் சொல்லிக் கத்துவது என்றே தெரியவில்லை. அந்த ஊரில் நான் உரிமையோடு கூப்பிடக்கூடிய பெயர் ஒன்றுகூட இல்லை. தண்ணீரில் இறங்கி நடக்கப் பயந்து, உள்ளே வந்து மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்பக்கச் சுவர் ஊறி, கட்டி கட்டியாக விழ ஆரம்பித்தது. இன்றைக்குச் செத்தால் திங்கட்கிழமைதான் தேடுவார்கள் என்று நினைத்தேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

தண்ணீர் மேசைக்கால் பாதியைத் தொட்டபோது யாரோ வருகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி. இடுப்பளவு தண்ணீரில் தடுமாறிக்கொண்டு வந்தாள்.

"அடியாத்தீ! டீச்சர், நீங்க இங்கயா இருக்கீக?"

"என்னைத் தேடியா வந்தீக?" என்று கேட்டேன்.

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "இல்ல டீச்சர். குட்டி ஆடு ஒண்ணு கொறையுது. அதத் தேடி வந்தேன்" என்றாள்.

ஆட்டைக் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டிரங்குப் பெட்டி அங்கேயே கிடந்தது.

கிட்டங்கிக்குள் ஊரே இருந்தது. பருத்திப் பொதிகள் மேல் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் கேப்பைக் கூழ் கொதித்தது. தலைவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு நான் அவரை விடவில்லை.

"என் வீட்டுக்கு எந்த வண்டி போட்டீக?"

"தலைக்கட்டு வாரியாத்தானம்மா வண்டி போட்டோம். பேர் கூப்பிட்டு ஆளும் எண்ணியாச்சு, எல்லாம் சரியா இருந்துச்சு. நீங்க தலைக்கட்டுல இல்லையே. லீவு விட்டதும் ஊருக்குப் போயிருப்பீகன்னுல்ல நெனச்சோம்."

"எந்த ஊருக்கு?"

அவர் எனக்குக் கூழ் கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பினார். எந்த ஊர் என்று எனக்கே தெரியாது.

தலைக்கட்டு என்றால் ஆம்பளை ஒருத்தன் தலையாக நிற்கிற குடும்பம். கோயில் காரியமோ கண்மாய் வேலையோ, ஊர் எண்ணுவது அதை வைத்துத்தான். வாத்தியார்கள் வருவார்கள், போவார்கள். பொம்பளை வாத்தியார் அதிலும் சேர்த்தியில்லை. அன்று சாயங்காலம் ஆம்பளைகள் கூடி, தாங்கள் அடைத்த கலுங்கைத் தாங்களே உடைத்துவிட்டார்கள். கரை அரைகுறையாகத் தப்பியது. என் வீடுதான் போயிற்று.

அடுத்த கோடையில், சரிந்த கரைக்கு மண் போட தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். நானும் கூடையோடு போய் நின்றேன். ஒரே சிரிப்பு. "ஏலே, டீச்சர் வந்துட்டாக, எல்லாரும் சிலேட்டை எடுங்க!" என்று ஒருத்தன் கத்தினான். தலைவர் பக்கத்தில் வந்து, "கூலிக்கா வந்தீக?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூலிக்கு இல்ல. என் தலைக்கட்டுக்கு."

"பொம்பளைக்குத் தலைக்கட்டு போட்டு வழக்கமில்லையேம்மா."

"பொம்பளை வீட்டுக்குள்ள தண்ணி வாரதுக்கு மட்டும் வழக்கம் இருக்கோ?" என்றேன். கை கொப்பளிக்கக் கொப்பளிக்க மண் சுமந்தேன். அதற்கடுத்த கோடையிலும் போனேன். சிரித்தவர்கள் சிரித்துச் சிரித்துச் சலித்துப்போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் மறுபடி அப்படியொரு புயல் வந்தது. அதே இடத்தில் சொந்தக்காரர் திருப்பிக் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் இருந்தேன். தமுக்குச் சத்தம் அடங்கிய கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. "டீச்சர், ஏறுங்க" என்றார் வண்டிக்காரர். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

கிட்டங்கியில் தலைவர் நடுவில் நின்று தெரு வரிசைப்படி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். எத்தனை பேர் என்று அந்தந்த வீட்டார் குரல் கொடுத்தார்கள். "ஏழு." "அஞ்சு." "மாமியாரோட சேத்து ஒம்பது." எதிர்வீட்டுக்காரி, "ஆறு! குட்டியும் வந்துருச்சு!" என்று கத்தினாள், எல்லாரும் சிரித்தார்கள். ஓங்கிப் பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"டீச்சர் வீடு?"

கிட்டங்கி முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் டிரங்குப் பெட்டி மட்டும் இருந்தது. சண்டை போட்டு வாங்கிய கேள்வி, நானோ பெட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"ஒண்ணு" என்றேன்.

"டீச்சர் வீடு, ஒண்ணு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.