அண்ணனுக்கும் சேர்த்து அக்காவே பேசினால்...

போன சனிக்கிழமை என் தங்கை மகள் ஷாலினிக்கு டிரைவர் வேலை பார்த்தேன். இங்கே மலேசியாவில், சுங்கை பட்டாணியிலிருந்து புக்கிட் செலம்பாவுக்கு. வழியெல்லாம் பெண் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாள். அத்தனை பதற்றம்!

அவள் படிப்பது ஸ்பீச் தெரபியில் மாஸ்டர்ஸ். ஸ்ட்ரோக் வந்து பேச்சு குழறியவர்களை மறுபடி பேசப் பழக்குகிற படிப்பு. அன்று செய்முறைத் தேர்வு. புக்கிட் செலம்பாவில் ஸ்ட்ரோக் வந்து பேச்சு குழறியிருந்த கோபால் அண்ணனை அவராகவே பேச வைக்க வேண்டும். விரிவுரையாளர் போனில் வீடியோ வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். தேறாவிட்டால் ஒரு செமஸ்டர் போச்சு.

கோபால் அண்ணன் லோரி ஓட்டியவர். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வர விட்டால்தானே? பக்கத்திலேயே அவர் மனைவி சரசு அக்கா!

"அங்கிள், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி சானாய்மா. ரெண்டு கேட்டாரு, ஒன்னுதான் குடுத்தேன் லா" – இது அக்கா.

"அங்கிளே சொல்லட்டும் ஆன்ட்டி. அங்கிள், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"மூனு பேரு. பெரியவன் பினாங்குல இருக்கான்."

நான் அக்காவை நைசாக அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பலன்? பதில்கள் அங்கிருந்து இன்னும் சத்தமாக வந்தன! அக்காவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கணவர் ஒரு வார்த்தைக்குத் தவிப்பதை அவரால் தாங்க முடியவில்லை, பாவம். நம் வீடுகளில் அன்பு என்றாலே முந்திக்கொண்டு பதில் சொல்வதுதானே? நம் வயிற்றுவலியை டாக்டரிடம் விவரிப்பதும் கூட வந்தவர்தானே!

ஷாலினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி...

"அங்கிள், ஆன்ட்டியைப் பார்க்குறதுக்கு முன்னாடி எந்த ஊர்ல பொண்ணு பார்த்தீங்க?"

அடுப்படி கப்சிப். அக்கா கரண்டியோடு கதவருகே வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பதில் அவருக்கே தெரியாதே! தெரிந்துகொள்ளும் ஆவல் வேறு.

ஷாலினி காத்திருந்தாள். அண்ணனின் உதடு துடித்தது.

"மெர்... மெர்போக்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்ல... பொண்ணு!"

ஷாலினி கண்ணில் தண்ணீர். போனில் விரிவுரையாளர் கைதட்டினார். எனக்கோ எழுந்து ஆடலாம் போல் சந்தோஷம்.

"மெர்போக்கா! என்கிட்ட சொல்லவே இல்லையே! பேரு என்னா, சொல்லுங்க!" என்றார் அக்கா.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச வரவில்லை என்று கையை விரித்துவிட்டார்.

பிழைக்கத் தெரிந்த மனிதர்!