சிஸ்டர் எழுதாத ஒரு மணி நேரம்

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நான்கு மணிக்குக் கரண்ட் போனது. புதிதில்லை. எங்கள் பகுதிக்கு இப்போது நான்கிலிருந்து ஆறு வரை கட்.

கடையில் நான்கு கம்ப்யூட்டர். மூன்றை நானே அணைத்தேன். உட்கார்ந்திருந்தவர்களை எழுந்துகொள்ளச் சொன்னேன்.

நான்காவதில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்குள் அவர் ஒரு கட்டுரையை எழுதி அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு போய்விடும். யுபிஎஸ் பேட்டரி நான்கு கம்ப்யூட்டருக்கு இருபது நிமிடம் தாங்கும். ஒன்றுக்கு மட்டும் என்றால்... பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பிரவுசிங் சென்டர் தெரியும். பின்னாலேயே ஒரு ஆஸ்பத்திரி. அங்கிருந்து இரண்டு நர்ஸுகள் ஒரு வருடமாக வருகிறார்கள். எஸ்தர் சிஸ்டருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பூங்கொடி சிஸ்டர் ஊத்துக்குளிக்காரர், வயதில் இளையவர். இரண்டும் நான் வைத்த பெயர்கள். எழுதலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

இருவரும் டிப்ளமோ படித்தவர்கள். எஸ்தர் சிஸ்டருக்குப் பதினோரு வருட சர்வீஸ். டிகிரி இல்லாதவர்கள் இனி வார்டு இன்சார்ஜ் ஆக முடியாது என்று மேட்ரன் சொல்லிவிட்டார். நேற்று வந்த டிகிரிப் பெண்ணிடம் போய் லீவு கேட்டு நிற்க வேண்டும். அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். பாடம், வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாமே கம்ப்யூட்டரில். வேலையையும் விட வேண்டியதில்லை.

நர்ஸ் வேலையைக் கம்ப்யூட்டரில் எப்படிப் படிப்பது? ஊசியை எதில் குத்துவது? நானும் கேட்டேன்.

பூங்கொடி சிஸ்டர் சொன்னார். "ஊசி போட எங்களுக்குத் தெரியுமுங்ண்ணா. எதுக்குப் போடறோம்னு எழுதத்தான் படிக்கறோம்."

காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். நேராகக் கடைக்கு வருவார்கள். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. வீடியோ வகுப்பு ஓடும். ஓடும் என்று சொல்வது மரியாதைக்கு. பாதியில் நின்றுவிடும். டீச்சர் வாயைத் திறந்தபடி நிற்பார், சக்கரம் சுற்றும். அந்த நேரத்தில் இருவரும் ஒரு தூக்கம் போடுவார்கள். டீச்சர் மறுபடி பேச ஆரம்பித்ததும் நான் எழுப்ப வேண்டும். அது என் வேலை.

ஒரு நாள் எஸ்தர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அடித்த வார்த்தையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும், எப்படி என்று கேட்டார். தப்பாக அடித்திருந்தால் அழித்துவிடுங்கள் சிஸ்டர் என்றேன்.

"அழிக்கக் கூடாதுண்ணே. கேஸ் ஷீட்ல அழிச்சா வேலை போயிரும். ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்து வைக்கணும்."

இது கேஸ் ஷீட் இல்லையே என்றேன். கேட்கவில்லை. கோடு போடும் பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். பக்கம் முழுக்கக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் அவர் பெயரின் முதல் எழுத்து. பதினோரு வருடப் பழக்கம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் போய்விடுமா?

அந்தக் கட்டுரைதான் ஃபெயில் ஆனது.

கேள்வி சாதாரணமானது. நீங்கள் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதுங்கள். அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது? இன்னொரு முறை அப்படி நடந்தால் என்ன மாற்றிச் செய்வீர்கள்? அவ்வளவுதான்.

எஸ்தர் சிஸ்டர் எழுதியது இப்படி. ஆண், வயது முப்பத்துநான்கு. வயிற்று வலி என்கிறார். நாடி இவ்வளவு, பிரஷர் இவ்வளவு. ஒன்று பத்துக்கு டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. ஊசி போடப்பட்டது. இரண்டு இருபதுக்கு டாக்டருக்கு மறுபடி தெரிவிக்கப்பட்டது. டாக்டர் வந்தார். நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். கீழே பெயர், நேரம்.

டீச்சர் பதில் எழுதியிருந்தார். பூங்கொடி சிஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார். இதில் நோயாளி இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், கடிகாரம்கூட இருக்கிறது. நீங்கள் எங்கே? ஒன்று பத்துக்கும் இரண்டு இருபதுக்கும் நடுவில் என்ன நடந்தது? திருத்தங்களை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இது கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டும்.

நமக்கு அது சாயங்காலம் ஐந்தரை.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கே இருவரும் வந்துவிட்டார்கள். மூன்றே கால் வரை திரையில் ஒன்றும் இல்லை. எஸ்தர் சிஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னத்த எழுத? எனக்கு என்ன தோணுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லயே."

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. கட்டுரைக்கெல்லாம் யோசனை சொல்ல வராது. எழுத வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள் என்றேன். நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. பூங்கொடி சிஸ்டர் ஒரு பழைய பிரிண்ட் பேப்பரைத் திருப்பி வைத்துக்கொண்டார், எழுத.

சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எஸ்தர் சிஸ்டருக்கு டபுள் டூட்டி. அந்த ஆள் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையிலேயே வயிற்று வலி என்று மனைவியோடு வந்து படுத்திருந்தார். ஒன்று பத்துக்கு வலி அதிகமானது. சிஸ்டர் டாக்டரின் வீட்டுக்குப் போன் போட்டார். டாக்டர் சாப்பாட்டில் இருந்தார். ஊசியைப் போடு, சாயங்காலம் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டீர்களா என்றார். ஊசி போட்டாயிற்று.

கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. சட்டென்று. அந்த ஆளே சிரித்தாராம். மனைவி டீ வாங்கப் போய்விட்டார்.

எஸ்தர் சிஸ்டருக்கு மட்டும் சரியாகப் படவில்லை. ஊசிக்கு வலி குறையும். இப்படி ஒரேயடியாக நிற்காது. உள்ளே ஏதாவது உடைந்தால்தான் அப்படி நிற்கும். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. வயிற்றைத் தொட்டால் பலகை. ஆனால் நாடி சரியாக இருந்தது, பிரஷர் சரியாக இருந்தது. டாக்டரிடம் எதைக் காட்டுவது? முகம் சரியில்லை என்றா? கேஸ் ஷீட்டில் முகத்துக்குக் கட்டம் கிடையாது.

"மூணு தடவ போனை எடுத்தேண்ணே. மூணு தடவயும் வச்சிட்டேன். மறுபடி திட்டுவாரேன்னு பயம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னேன்."

அரை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய நாடியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்திருக்கிறார். ஏறட்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஏறினால் சொல்ல ஒரு நம்பர் கிடைக்கும். இரண்டு இருபதுக்கு ஏறியது. போன் போட்டார். டாக்டர் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை.

ஆபரேஷன் நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டியவர் இருபத்திரண்டு நாள் படுக்கையில் கிடந்தார்.

"அவர் சம்சாரம் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிட்டு அழுதா. நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு. எனக்குக் கைய உருவிக்கிடணும் போல இருந்துச்சு."

பூங்கொடி சிஸ்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"அதையே எழுதுங்க்கா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க்கா," என்றார். என்னவென்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதை எழுதி அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துவிடுமா என்று எஸ்தர் சிஸ்டர் என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"எனக்குத் தெரியலீங்க சிஸ்டர்," என்றேன்.

நான் பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் ஓவர்லாக் மிஷினில் தைத்தவன். தைத்து அடுக்கிய ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். அதில் தைத்தவரின் நம்பர் எழுதியிருக்கும். சரக்கு நன்றாகப் போனால் அந்த நம்பரை ஒருவரும் பார்ப்பதில்லை. தையல் பிரிந்து திரும்பி வந்தால்தான் யார் இந்த இருபத்தேழாம் நம்பர் என்று தேடிக்கொண்டு வருவார்கள். அப்படி வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்று நினைப்பான். சிஸ்டருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவரே அடிக்க ஆரம்பித்தார். ஒரு விரலில். நான்கு மணிக்குக் கரண்ட் போனபோது நான்கு வரி ஆகியிருந்தது.

மற்ற மூன்று பேரை எழுப்பியதில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் போகவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சன்டைசர். பையருக்கு, அதாவது வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருக்கு, சாம்பிள் போட்டோ அனுப்ப வந்தவர்.

"ஏனுங்க, ஒரு கன்டெய்னர் சரக்கவிட சிஸ்டரோட பரிச்ச பெருசுங்களா?"

"ஆமாங்க."

வேறென்ன சொல்வது? அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபம்தான். ஆனால் வேறு கடைக்குப் போனாலும் கரண்ட் இல்லை.

ஃபேன் இல்லை. யுபிஎஸ் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கீச்சென்று கத்தியது. சிஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. பூங்கொடி சிஸ்டர் அட்டையால் விசிறிக்கொண்டே திரையைப் படித்தார். டாக்டருக்குத் தாமதமாகத் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்திருந்தது.

"யாருங்க்கா தாமதமாச் சொன்னது?"

எஸ்தர் சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்த வரியைக் கோடு போடாமல் முழுசாக அழித்தார். நான் பயந்தேன், நான் சொல்லவில்லை என்று அடித்தார். அந்த ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது.

ஐந்து மணிக்கு யுபிஎஸ் விடாமல் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் முதல் வரிக்குப் போய் ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"ஸ்பெல்லிங் பாக்காதீங்க மேடம், அனுப்பீருங்க. நாங்க பையருக்கு அனுப்பறதுல பாதி தப்புத்தானுங்க. ஆர்டர் வந்துட்டுத்தான் இருக்குது."

பூங்கொடி சிஸ்டர் சிரித்துவிட்டார். எஸ்தர் சிஸ்டர் சிரிக்கவில்லை. கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. இன்னொரு முறை நடந்தால் என்ன மாற்றிச் செய்வீர்கள்?

இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. இரண்டே வரி அடித்தார். பூங்கொடி சிஸ்டர் மெதுவாகத் தமிழில் சொன்னார். நம்பர் ஏறக் காத்திருக்காமல் இரண்டாவது முறையும் போன் செய்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

ஐந்து பதினாறுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. இருவரும் அதை மூன்று முறை படித்தார்கள். ஐந்து இருபதுக்கு யுபிஎஸ் ஓய்ந்தது. மெர்ச்சன்டைசர் ஆறு மணிவரை காத்திருந்து போட்டோ அனுப்பிவிட்டுப் போனார். போகும்போது, பாஸானா எனக்கும் சொல்லுங்க என்றார்.

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. எஸ்தர் சிஸ்டர் பாஸ். ஐம்பத்துநான்கு மார்க். இங்கிலீஷ் போதாது என்று டீச்சர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கடைசி இரண்டு வரியை வகுப்பில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டலாமா, உங்கள் பெயர் இல்லாமல், என்று கேட்டிருந்தார். சிஸ்டர் சரி என்று பதில் போட்டார். ஆஸ்பத்திரியில் இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்கிறார். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இன்சார்ஜ் போஸ்ட் அதுவரை காத்திருக்குமா என்று தெரியாது.

இந்தத் திங்கட்கிழமை தனியாக வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. இன்னொரு மார்க் வந்ததா என்று கேட்டேன். இல்லையாம். முந்தின நாள் வார்டில் ஒரு அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு மாதிரி இருந்திருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். மாத்திரை கொடு என்று சொல்லி வைத்துவிட்டார். சிஸ்டர் பத்து நிமிடம் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் பிடிக்கவில்லை. மறுபடி போன். டாக்டர் விழுந்தடித்துக்கொண்டு வந்து, ஈசிஜி எடுத்து, எல்லாம் பார்த்து...

கேஸ் ட்ரபிள். காலையில் சாப்பிட்ட மொச்சைக்கொட்டை.

"அத்தனை பேர் முன்னாடியும் திட்டுனாருண்ணே. நீ என்ன டாக்டரான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல என்ன இருக்கு? நாடி பாக்கப் போயிட்டேன்."

இனிமேலும் கூப்பிடுவீர்களா என்றேன். கூப்பிடாம எப்படிண்ணே, என்றார். கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். அடுத்த கட்டுரைக்குக் கேள்வி வந்திருந்தது.

எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. என்றைக்காவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குள் போனால், திட்டு வாங்கிய சிஸ்டர் டூட்டியில் இருக்கட்டும்.