சனிக்கிழமை ராத்திரிக் கஷாயம்

ஜனவரி பன்னிரண்டு, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். வாடைக்காற்று, தூறல் என்றும் சொல்ல முடியாத ஒரு நசநசப்பு. மலச்சிக்கலுக்கென்று மகன் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய மூலிகைத் தேநீர்ப் பெட்டியைப் பிரித்தேன். இருபது பை என்று ஜெர்மன்காரன் அச்சடித்திருந்தான். எண்ணினேன், பத்தொன்பதுதான். ஒன்றைக் கிழித்து மோந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. வைக்கோலும் பழைய தேயிலையும் கலந்த வாசனை. நம்ம நிலாவாரை! தூத்துக்குடியில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கப்பலேறிய இலை, இப்போது பட்டுநூல் கட்டிய பையில் திரும்பி வந்திருக்கிறது.

எழுபதுகளில் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு நிலாவாரைக் கிட்டங்கியில், சரக்குக் கிடங்கில், கணக்கெழுதினேன். தெற்கேயுள்ள செம்மண் காடுகளிலிருந்து வண்டி வண்டியாக இலை வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். சாக்கில் அமுக்கிப் பேல் கட்டித் தோணியில் ஏற்றினால், தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்குப் போய்விடும். ஐரோப்பாவின் வயிறே நம்மை நம்பித்தான் இருக்கிறது என்பார் முதலாளி. பேல்களை எண்ணுகிறவன் என்ற முறையில் நான் அதை மறுத்ததில்லை.

இலை என்னவோ சாதுவான இலைதான். காம்பை ஆய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கடுக்கும். இலை ஒரு சிட்டிகை, சுக்கு ஒரு துண்டு, உலர்ந்த திராட்சை நாலு. காய்ச்சி இறக்கிப் படுக்கும்போது குடித்தால் விடிந்ததும் வேலை முடியும். பொடியைத் தேனில் குழைத்தும் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கென்றால் இலை வேண்டாம், காயை ஊறவைத்த தண்ணீர் போதும், அது மெதுவாகப் பேசும் என்பார்கள். எல்லாம் ஊருக்குச் சொன்ன அளவு. கிட்டங்கியில் காற்றே நிலாவாரைத் தூசி. புதிதாக வருகிற ஆள் முதல் வாரம் உள்ளே இருந்ததைவிட வெளியே ஓடியதுதான் அதிகமாயிருக்கும். பிறகு உடம்பு பழகிவிடும். அப்படிப் பழகிய உடம்புக்கு எங்கள் அளவு ஒரு கைப்பிடி. நாள், சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் விடுமுறை, யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. நான் வேதக்கோயிலுக்குப் போவதுகூடச் சாயங்கால ஆராதனைக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ரோஸ்லினைப் பேசி முடித்தார்கள். அவள் அப்பா நாசரேத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் சபைதான். பெண் கேட்கப் போனபோதே, "பேதி மருந்து யாவாரத்துல என்னவே கவுரவம் இருக்கு?" என்று கேட்டவர். பெண் பிடிவாதமாக நின்றதால் சம்மதித்தார். "கோயில்ல மூணு அறிக்கையும் வாசிச்சு முடியட்டும், பாப்போம்" என்று ஒரு கொக்கியும் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்பதுதான் அறிக்கை.

முதல் அறிக்கைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவரே கிட்டங்கிக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, நாலு நாளாச்சு."

"எது மாமா?"

"எதுன்னா கேக்கீரு? உம்ம யாவாரம்தான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தரம் பிரிக்கும் சந்தனமாரி அக்காள் காதில் எதுவும் தப்பாது. "மாமனாருக்கா? கழிவக் குடுத்துராதயும் கணக்கப்பிள்ள. கப்பலுக்குப் போற மொதத் தரத்துல ஒரு கைப்பிடி அள்ளும்" என்றாள். அள்ளினேன். "எப்பம் குடிக்கணும்?" என்றார் மாமனார். இதிலென்ன யோசனை? "சனிக்கிழம ராத்திரி மாமா" என்றேன்.

ஞாயிறு காலை ஆராதனை. என் அறிக்கை என்பதால் நானும் காலையிலேயே போயிருந்தேன். மாமனார் முன்வரிசையில், வெள்ளைக் கோட்டில், ஒரு தினுசாக நெளிந்துகொண்டிருந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்தார். "இவர்கள் விவாகம் செய்யத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக்கடவர்கள்" என்று நிறுத்தினார். மாமனார் எழுந்தார். சபை முழுவதும் பார்க்க, பக்கவாசல் வழியாக விறுவிறுவென்று வெளியே போனார்.

பெண்ணைப் பெற்றவரே எழுந்து போனால் யார்தான் என்ன நினைப்பார்கள்? ஐயர் புத்தகத்தை மூடிவிட்டார்.

சாயங்காலம் ஐயர் மாமனார் வீட்டுக்குப் போனார். நானும் கையைப் பிசைந்துகொண்டு கூடவே போயிருந்தேன். "ஆட்சேபணைக்கு எந்திரிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லும் சார், அடுத்த வாரம் வாசிச்சிருதேன்" என்றார் ஐயர்.

"பின்ன எதுக்கு எந்திச்சீருன்னு கேப்பானுவளே ஐயரே?"

"கேட்டா சொல்லும்."

முப்பது வருடம் பிரம்பு பிடித்த மனிதர் கூரையைப் பார்த்தார். "ஆட்சேபணையாவே இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

என் கல்யாணம் அந்த இடத்தில் முடிந்தது என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து ரோஸ்லின் வந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. "ஐயரே, அப்பாக்கு ஆட்சேபண ஒண்ணும் இல்ல. வயித்தால போகுது. காலையில இருந்து ஒம்பது தடவ."

"ஏளா!" என்று கத்தினார் மாமனார். ஆனால் பத்தாவது தடவை வந்துவிட்டதால் மேற்கொண்டு பேச அவருக்கு நேரமில்லை.

அடுத்த ஞாயிறு ஐயர் கம்பீரமான குரலில், "சென்ற வாரம் நமது சகோதரர் வெளியே சென்றது சரீர உபாதையினால் மட்டுமே" என்று அறிவித்துவிட்டு அறிக்கையை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சபை இருமி இருமிச் சிரிப்பை அடக்கியது. கல்யாணம் ஒரு வாரம் தள்ளி நடந்தது. மாமனார் அதன்பின் இரண்டு வருடம் என்னிடம் பேசவில்லை. மாதம் ஒருமுறை மகளிடம் மட்டும் சொல்லியனுப்புவார்: "அந்த எலையில கொஞ்சம் கேட்டு வாங்கு. மொதத் தரமா."

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தோணித்துறைப் பக்கம் போனால் அந்த வாசனை இல்லை. சந்தனமாரி அக்காள் இல்லை, மாமனார் இல்லை. கஷாயம் காய்ச்சும்போதெல்லாம், "நாளைக்கு எங்கயும் போவணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் ரோஸ்லின் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஜெர்மன் பெட்டியில் எத்தனையோ எச்சரிக்கை போட்டிருக்கிறான், அதை மட்டும் போடவில்லை.

தேதி மாறியதால் அழைப்பிதழ் இருநூறும் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதில் பாதியைத் தருவதாக மாமனார் ரோஸ்லினிடம் சொல்லியிருந்தார். தரவில்லை. ஆக மொத்தமும் என் கையிலிருந்துதான்: நாற்பத்தேழு ரூபாய் அறுபது பைசா.