தண்ணீர் வரக் கூடாத கிணறு

கையெழுத்து அழகாக இருப்பது ஒரு வியாதி. அது ஊருக்குத் தெரிந்துவிட்டால் மருந்தே கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டரிடம் குட்டு வாங்கிக் கற்ற எழுத்தோடு குன்னம் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இத்தனை வருஷமாகக் கூலியில்லாமல் ஊருக்குக் கடிதம் எழுதுகிறேன். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கடுதாசியைப் படித்துக் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் என்னோடு சேர்ந்து அழலாம்.

வெயிலுக்குப் பயந்தது

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக் கிணறு வெட்டும் ஆட்கள் சிலரை ஒரு மேஸ்திரி கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். அங்கே பூமிக்குள் ரயில் விடப் பள்ளம் தோண்டுகிறார்களாம். போனவர்களில் கொளஞ்சியும் ஒருவன். அவன் மனைவி அஞ்சலை ஐந்து மாத வயிற்றோடு என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். விலாசத்தை இங்கிலீஷில் எழுதினால்தான் போய்ச் சேரும் என்று சொல்லி என் வீட்டைக் கை காட்டியவர் தபால்காரர். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை எப்போது முடியும், பிரசவத்துக்குள் வந்துவிடுவாரா என்று கேட்டு எழுதச் சொன்னாள். அவர்கள் வீட்டில் பிள்ளையின் காதில் அப்பன் வந்து சொன்னால்தான் பெயர். எழுதினேன். அதோடு நிற்காமல் ரயில் விஷயத்தையும் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "மேல இவ்வளவு எடம் கெடக்கறப்ப உள்ள எதுக்கும்மா ஓட்டணும்? வெயிலுக்குப் பயந்த ரயிலா?"

எத்தனை ஆள் ஆழம்

கொளஞ்சிக்கு எழுத வராது. மேஸ்திரிதான் பதில் எழுதினார். சுகம் என்று தொடங்கி சுகம் என்று முடிக்கும் மனிதர். நடுவில் ஒரு வரிதான் விஷயம்: ஆழம் போதுமாம், இனி நீளமாகத் தோண்டிக்கொண்டே போக வேண்டுமாம்.

இதற்குள் மகன் பிறந்துவிட்டான். பெயரில்லாத அந்தப் பயலைத் தோளில் போட்டுக்கொண்டு அஞ்சலை அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். என் ரசம் பொங்கி வழிந்தது. "கீழ போனா என்னைக்காவது முடியும். பக்கவாட்டுல போனா அடுத்த ஊரு வந்துருமேம்மா."

பொங்கல்

பிறகு ஒரு கார்டு வந்தது. "தண்ணீர் வந்துவிட்டது. வேலை நின்றிருக்கிறது. அனைவரும் சுகம்." படித்து முடிப்பதற்குள் அஞ்சலை ஓடிவிட்டாள். எங்கள் மானாவாரிச் சீமையில் கிணற்றில் தண்ணீர் கண்டால் வேலை முடிந்தது. வெட்டியவர்களுக்குப் புது வேட்டி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் சர்க்கரைப் பொங்கல். எனக்கும் ஒரு இலை வந்தது. விஷயம் தெரிந்த நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், பொங்கல் சாப்பிட.

நாலு நாளாக அவள் பிள்ளையோடு பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. போய்ச் சொன்னேன்: அது மழைத் தண்ணீர், அங்கே தண்ணீர் வரவே கூடாது, இறைத்துவிட்டு மறுபடி தோண்டுவார்கள். ஒரு பஸ் வந்து, ஆள் இறக்கிவிட்டுப் போனது. இறங்கிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணிய எறைச்சுக் கொட்டிட்டு, காஞ்ச குழிக்காகவாம்மா அவரு அங்க கெடக்குறாரு?"

யாரும் சொல்லாதது

அன்று அவள் எதுவும் எழுதச் சொல்லவில்லை. நானே எழுதினேன். "உன் மகனுக்கு எட்டு மாதம். ஊரே அவனை 'டேய்' என்கிறது. உன் வேலை முடியாது. நீ வா." என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். விலாசத்தை மட்டும் வழக்கம்போல அழகாக எழுதினேன்.

மூன்றாவது வாரம் கொளஞ்சி வந்து இறங்கினான். பிள்ளை காதில் பெயர் சொன்ன கையோடு மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை நாள் என்னடா செய்தாய் என்று நன்றாகத் திட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "தண்ணி வர்ற வரைக்கும் தோண்டித்தாம்மா பழக்கம். அங்க தண்ணி வந்தும் எறைக்கச் சொன்னாங்க, எங்க நிறுத்தணும்னு யாரும் சொல்லல. உங்க கடுதாசிதான் சொல்லிச்சு."

அந்தப் பாதையில் ரயில் விட்ட திறப்பு விழாவைச் சில வருஷம் கழித்துப் பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அதற்கான பொங்கலைக் குன்னத்துப் பிள்ளையார் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டார்.