எவ்வளவு நேரம் ஓடும்?

ஒனுவோகா முப்பது வருடம் எங்கள் ஓர்லுவிலிருந்து லாகோசுக்கு லாரி ஓட்டியவர். ரிட்டயர் ஆகும்போது நுரையீரல் பாதிதான் மிச்சம். கடைசி இரண்டு வருடம் மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தால் வரும். ஜெனரேட்டர் புகையோ அவருக்கு ஆகவே ஆகாது. ஆக, கூரையில் இருந்த சோலார் தகடுகளும் சமையலறைக்குப் பின்னால் இருந்த நான்கு பேட்டரிகளும்தான் அவருடைய மூச்சு. அவற்றைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் நான்.

மாதம் ஒருமுறை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். வாசல் தாண்டும் முன்பே கேட்பார்.

"எவ்வளவு நேரம் ஓடும்டா?"

ஆரம்பத்தில் எட்டு மணி நேரம் என்றேன். அது நாலாகி, இரண்டாகிவிட்டது.

"பேட்டரி கிழமாயிடுச்சு ஐயா."

"என் பொண்டாட்டியும்தான் கிழம். அவ இன்னும் ஓடறாளே!"

சமையலறையிலிருந்து உகோடியா அம்மா விடமாட்டார். "யாரு கிழம்? மூக்குல குழாய் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது நானா?"

அவர் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், அம்மா ஓடி வந்து முதுகைத் தடவுவார்.

மே மாதம் நான்கில் ஒரு பேட்டரி அடியோடு செத்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் அஃபாமுக்குப் போன் போட்டேன். "அந்த ஒண்ண மட்டும் மாத்திடு தம்பி, பணம் அனுப்பறேன்" என்றார். நான் பெரிய நிபுணன் அல்லவா? "பழசோட புதுசைச் சேர்த்தா புதுசும் கெட்டுடும் அண்ணே. நாலையும் மாத்தணும்" என்றேன்.

"அப்ப கிறிஸ்துமஸுக்கு நானே வரேன். லித்தியமாவே போட்டு, வீடு முழுக்கச் செஞ்சிடலாம். அதுவரைக்கும் ஓட்டு."

நான் சொன்னது தொழில்படி சரிதான். ஆனால் புதுசு ஒன்றைப் போட்டு, அது கெட்டால் கெட்டுத் தொலையட்டும், கிறிஸ்துமஸ் வரை தாங்குமே என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆகஸ்டில் ஐந்து நாள் விடாத மழை. கரண்டும் இல்லை, வெயிலும் இல்லை. ஆறாம் நாள் மத்தியானம் அம்மா போன் செய்தார். "மிஷின் கத்திட்டு நின்னுடுச்சுப்பா, சீக்கிரம் வா!" பைக்கில் சேற்றில் விழுந்து எழுந்து போனேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒனுவோகா நாற்காலியில்தான் இருந்தார். அம்மா ஓர் அட்டையால் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

உடல் ஆஸ்பத்திரியின் குளிர் அறைக்குப் போனது. அங்கே ஜெனரேட்டர் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

எங்கள் பக்கம் வீட்டைச் சீர் செய்யாமல் யாரையும் அடக்கம் செய்வதில்லை, ஊர் சிரிக்கும். அஃபாம் வந்து இறங்கினார். சுவருக்கு வெள்ளை, கூரைக்குப் புதுத் தகரம், வாசலில் விருந்துப் பந்தல். என்னிடம் வந்து, "பன்னிரண்டு சோலார் தகடு, பெரிய லித்தியம் பேட்டரி. அப்பாவோட அடக்கத்துல ஒரு லைட்டுகூட அணையக் கூடாது" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. ஏதாவது சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினேன்.

அடக்கத்துக்கு முந்தைய நாள் காலை வேலை முடிந்தது. பின்னால் போய் மெயின் ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே ஏதோ உறுமியது. ஆக்சிஜன் இயந்திரத்தின் பிளக்கை யாரும் பிடுங்கியிருக்கவில்லை.

நான் அறைக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தார், கையெல்லாம் விருந்துக்குக் கசக்கிய கசப்புக்கீரை. அணைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டு, கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். குழாயை எடுத்துக் காற்று வருகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"விடிய விடிய ஓடும்மா."

"சரி, ஓடட்டும்" என்றார்.