பேகமும் கோமளாவும் ஒரே கோழி

மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கி வருகிறவரின் நடையைப் பார்த்தே, இவர் புடவை வாங்க வந்தவரா, பெட்டி வாங்க வந்தவரா என்று அப்துல் கரீம் சொல்லிவிடுவார். புடவை வாங்க வந்தவரையும் ஒரு பெட்டியோடு அனுப்பி வைப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் ரங்கநாதன் தெரு முனையில் சூட்கேஸும் ஏர்பேகும் விற்றவர். பக்கத்துக் கடைக்காரன் வாயைத் திறப்பதற்குள் இவர் குரல் போய் ஆளைக் கையோடு கூட்டி வந்துவிடும். தன் கடையைத் தாண்டி ஒருவர் அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கியதும் கடையை மகன் நதீம் எடுத்துக்கொண்டான். கரீம் மயிலாப்பூர் வீட்டோடு தங்கிவிட்டார். பகல் வேளையில் தன் வீடு எப்படி இருக்கும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவி ஃபிர்தௌஸ் பத்து மணிக்கு ஒரு டீ குடித்தாள், பின்கட்டில் துணி உலர்த்தினாள், கோழியோடு பேசினாள், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரோடும் பேசினாள்.

கோழியை வாங்கி வந்தது கரீம்தான். சம்பந்தி வீட்டார் விருந்துக்கென்று வாங்கிய நாட்டுக்கோழி அது. அவர்கள் வருவது தள்ளிப்போனது. அதற்குள் அது ஒரு முட்டை இட்டுவிட்டது. முட்டையிட்டதை அறுக்கக்கூடாது என்று ஃபிர்தௌஸ் பிடிவாதமாக நின்று, பேகம் என்று பெயரும் வைத்துவிட்டாள். செம்பழுப்பு நிறம். நடையில் ஒரு மிடுக்கு.

மதிலுக்கு அந்தப் பக்கம் சுந்தரராமன். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. காலையில் குளித்து, பூஜை முடித்து, காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அந்தச் சாதத்துக்குக் காக்கை வருவதற்கு முன்னால் பேகம் மதிலேறிக் குதித்துப் போய்விடும். ஆரம்பத்தில் துண்டை வீசி விரட்டிக்கொண்டிருந்தவர், போகப்போக காக்கைக்கு ஒரு பிடி, கோழிக்கு ஒரு பிடி என்று வைக்கத் தொடங்கினார். அதற்குக் கோமளா என்று பெயரும் வைத்தார்.

ஒருநாள் கரீம் ஈசிசேரில் சாய்ந்திருந்தபோது மதிலுக்கு மேல் ஒரு கை வந்தது. கையில் ஒரு கொட்டாங்கச்சி. அதற்குள் முட்டை.

"பாய், கோமளா நம்மாத்துத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால வெச்சுட்டா. நான் கையால தொடலை. அகப்பையால உருட்டி இதுல தள்ளிண்டு வந்தேன்."

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஃபிர்தௌஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பேச்சுக்கு அவள் இப்படிச் சிரித்ததாகக் கரீமுக்கு ஞாபகம் இல்லை. முட்டையை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை.

"அது பேரு பேகம் சார்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்குள் ஒரு முள். தான் காசு கொடுத்து வாங்கிய கோழி. தன் கூட்டில் அடைகிற கோழி. அது தன்னைக் கண்டால் இரண்டு அடி விலகிப் போகிறது. முட்டை வாசமே ஆகாத மனிதரின் காலடியில் போய்ச் சிறகை விரித்துப் படுத்துக்கொள்கிறது. போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பெட்டி விற்ற குரலுக்கு ஒரு கோழி நிற்க மாட்டேன் என்கிறது.

பட்டினப்பாக்கத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து மதில்மேல் கட்டிப் பார்த்தார். பேகம் வேப்பங்கிளை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது.

"எதுக்குங்க இந்த வலை? துணி காயப்போட எடமில்ல," என்றாள் ஃபிர்தௌஸ்.

"பூனை வருதில்ல, அதுக்குத்தான்."

"சார் வூட்டுப் பக்கந்தான் பூனை வருதா?"

கரீமின் வியாபாரி மூளை வேறு வழி கண்டது. வயிறு நிறைந்தவன் அடுத்த ஓட்டலுக்குள் நுழைய மாட்டான். விடிந்ததும் கூட்டைத் திறக்கிற கையோடு கம்பு, கோதுமை, ஊறவைத்த கடலை என்று கொட்டினார். பேகம் தின்றது. முதன்முறையாக அவர் காலருகே நின்று தின்றது. கரீமுக்குத் தலைகால் புரியவில்லை. கீரைக்காரம்மாவிடம் தண்டுக்கீரை வாங்கி, கட்டைக்கூடப் பிரிக்காமல் கூட்டருகே போட்டார். பேகம் இழுத்து இழுத்து விழுங்கியது. அன்றைக்குச் சுந்தரராமன் வைத்த சாதத்தைக் காக்கைகள் மட்டும் தின்றுவிட்டுப் போயின. கரீம் ஈசிசேரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கோமளா வரலையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நல்லாத்தான் கீது சார். இங்கயே வயிறு ரொம்பிடுது," என்றார் கரீம். மறுநாள் இன்னொரு கட்டுக் கீரை வாங்கினார்.

அந்த வாரக் கடைசியில் பேகம் கூட்டைவிட்டு இறங்கவில்லை. கழுத்தை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றது. ஃபிர்தௌஸ் அதைத் தூக்கி மார்பைத் தடவினாள். கழுத்துக்குக் கீழே, தின்றதையெல்லாம் சேர்த்து வைக்கிற இரைப்பை, கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. வாயருகே முகர்ந்தால் புளித்த மாவு வாடை.

"ராத்திரி முழுக்கச் செரிக்கவே இல்லீங்க. பாருங்க, பந்து மாதிரி கீது."

கரீம் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். வாய் மட்டும் வேறு சொன்னது: "சாதம் போட்டுப் போட்டு அவருதான் கெடுத்துட்டாரு. சாதம் உள்ள போய் உப்பிக்கினு கீது."

ஃபிர்தௌஸ் தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அலகுக்குள் விட்டு மெல்ல நீவிவிட்டாள். மாலைவரை இறுக்கம் தளரவில்லை. தலைகீழாகப் பிடித்தால் கக்கிவிடும் என்று கரீம் கையை நீட்டியபோது மதிலுக்கு மேலிருந்து சுந்தரராமன் பதறினார்.

"பாய், வேண்டாம், கவுத்துடாதீங்கோ. திருவான்மியூர்ல ஹம்சினின்னு ஒரு டாக்டர் இருக்கா. பட்சிகளெல்லாம் பாக்கறா. ஃபோன்ல கேட்டுட்டேன். இப்பவே அழைச்சுண்டு வரச் சொன்னா."

இவர் எதற்குக் கேட்க வேண்டும், யார் கேட்கச் சொன்னது என்று கரீமுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஃபிர்தௌஸ் புர்காவை மாட்டிக்கொண்டு நின்றாள். கடைச் சரக்கில் மிஞ்சிய ஒரு ஏர்பேகில் துண்டை விரித்துக் கோழியை வைத்தார்கள். தலைமட்டும் வெளியே தெரியும்படி ஜிப்பைப் பாதி மூடினார் கரீம். ஆட்டோவில் நடுவில் அவர், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் சுந்தரராமன். பை கரீம் மடியில். அடையாறு பாலம் தாண்டும்வரை கோழி சுந்தரராமன் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தது. சாகிற நிலைமையிலும் இதற்கு அவர்தான் வேண்டியிருக்கிறது என்று கரீம் நினைத்தார். நினைத்த உடனே, அல்லா, இது பிழைத்தால் போதும் என்றும் நினைத்தார்.

டாக்டர் ஹம்சினி இளவயதுக்காரி. கோழியின் மார்பை விரலால் அளந்து பார்த்துவிட்டு, குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் எண்ணெயும் விட்டு நீவினார். அசையவில்லை.

"இதுக்கு மேல அமுக்கினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா கீறி வெளிய எடுத்துடறேன். யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

"நான் புடிச்சுக்கிறேன்," என்றார் கரீம், அடுத்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னால். சுந்தரராமன் ஏற்கெனவே கதவருகே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

கரீம் இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து அணைத்துப் பிடித்தார். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. டாக்டர் இடுக்கியால் மெல்ல இழுக்க இழுக்க, முடியைப் பின்னியதுபோல் ஒன்று நீளமாக வந்தது. புளித்த தானியத்துக்கு நடுவே நறுக்காத கீரைத்தண்டுகள். அவற்றைச் சுற்றிச் சுற்றி வாழைநார். கீரைக்கட்டைக் கட்டுகிற நார்.

"கீரையை நறுக்கிப் போடலையா? இந்த நார்தான் எல்லாத்தையும் சேர்த்துப் பிணைச்சிருக்கு," என்றார் டாக்டர்.

ஃபிர்தௌஸ் கரீமைப் பார்த்தாள். அவர் கோழியின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரைப் பார்த்தபடியே சுந்தரராமன் சொன்னார்: "நான் பூஜைப் பூவைக் களைஞ்சு தோய்க்கிற கல்லுக்கிட்டதான் போடறேன் டாக்டர். அதுலயும் வாழைநார் இருக்கும். எந்த ஆத்து நார்னு யார் கண்டா."

அவருக்குத் தெரியும். காலையில் கட்டோடு கீரை விழுகிற சத்தம்கூட மதிலைத் தாண்டிக் கேட்கும். தெரிந்தேதான் பழியில் பாதியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கரீமுக்குக் காது சுட்டது. தன் வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போனவன், போகிற போக்கில் இவர் கடைவாசலையும் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போனது போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது நல்ல மனிதர் என்ற பெயரும் அவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபிர்தௌஸின் கண்ணில் அந்தப் பெயர் எழுதியே இருந்தது.

தையல் போட்டு முடித்த டாக்டர், கெட்டியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்றார். குழைந்த சாதத்தைத் தயிரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் காலையில் தீனிக்கு முன்னால் இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், காலியாக இருந்தால் செரித்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலை இரைப்பை காலியாகத் தொங்கியது. ஃபிர்தௌஸ் சாதம் குழைத்துக் கொடுத்தாள். பேகம் தலையைத் திருப்பிக்கொண்டது. கரீம் விரலில் தொட்டு அலகருகே நீட்டினார், கண்ணை மூடிக்கொண்டது. மத்தியானமும் அதே கதை. கரீம் கூட்டருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒருகாலத்தில் பெட்டி விற்ற குரலைத் தணித்துத் தணித்துக் கெஞ்சினார். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

"சாரைக் கூப்பிடுங்க," என்றாள் ஃபிர்தௌஸ்.

"நீயே கூப்புடு."

"நான் கூப்பிட மாட்டேன். கட்டோட கீரை போட்டது நானில்ல."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கரீம் எழுந்து, வலையின் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிக் கீழே வைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சுந்தரராமன் வெறும் காக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? சாப்புட மாட்டேங்குது."

"வரலாமா பாய்?"

"வாங்க. நீங்க வெச்சாத்தான் துன்னும்போல கீது." சொல்லிக்கொண்டே சுருட்டிய வலையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றி வந்தார் சுந்தரராமன், கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு. எத்தனையோ வருஷம் அடுத்தடுத்து இருந்தும் அந்த வீட்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல்முறை. கூட்டருகே உட்கார்ந்தவர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தொட பயம் பாய். கொத்திடுமோன்னு. இத்தனை நாளும் அது காலடியில வந்து படுத்தாலும் தொட்டதில்லை."

கரீம் அவரைப் பார்த்தார். பிறகு கோழியைத் தூக்கி மடியில் வைத்து, தையலில் கை படாமல் அணைத்துக்கொண்டார். "இப்ப ஸ்பூன்ல குடுங்க. நான் புடிச்சிக்கினு கீறேன், கொத்தாது."

"கோமளா, சாப்பிடும்மா," என்றார் சுந்தரராமன்.

கோழி கண்ணைத் திறந்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. உள்ளேயிருந்து ஃபிர்தௌஸ் டீயோடு வந்தாள். சுந்தரராமன் டம்ளரை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார். மடியில் கோழி தின்னும்போது கரீமுக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை.

தையல் ஆறியது. பேகம் மறுபடி மதிலேறத் தொடங்கியது. கரீம் கீரையைப் பொடியாக நறுக்கி ஒரு கை மட்டும் போட்டார். காலையில் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அது எங்கே போனால் என்ன என்று ஃபிர்தௌஸிடம் சொல்லிக்கொண்டார். அவள் நம்பவில்லை.

ஐப்பசியில் சுந்தரராமன் தங்கையைப் பார்க்கப் பெங்களூர் போனார். கோழி முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று கரீம் முதல்நாள் நிம்மதியாகத்தான் இருந்தார். பேகமோ மதில்மேல் ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு கரீம் ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னா சார், எப்ப வர்றீங்க?"

"அடுத்த வாரம் பாய். கோமளா எப்படி இருக்கா?"

மதில்மேல் இருந்த கோழி சட்டென்று கழுத்தை உயர்த்தியது. தலையைச் சாய்த்து, குரல் வந்த பக்கம் பார்த்தது. பிறகு கீழே குதித்து, கரீமின் கையிலிருந்த ஃபோனை நோக்கி வேகமாக வந்தது.

கரீம் ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"நல்லா கீது சார்," என்றார். "நீங்க சொல்லுங்க."