மாடு வாங்கப் போனவரின் சைக்கிள்

மாடு வாங்கப் போன ஈஸ்வரமூர்த்தி சைக்கிளோடு திரும்பி வந்த கதை எருத்தேம்பதிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவர் மனைவி காளியாத்தாளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடுவாள்.

வேலந்தாவளம் சந்தைக்குத்தான் போனார் மனிதர். கறவை வற்றிய பழைய மாட்டைக் கொடுத்துவிட்டு இளங்கறவையாக ஒன்று பிடித்து வருவது என்று ஏற்பாடு. பழையது நல்ல விலைக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுக்குச் சுழி சரியில்லை, இன்னொன்றுக்குப் பார்வையே சரியில்லை. அலுத்துப்போய் டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கே கோயமுத்தூர்க்காரர் ஒருவர், விரல் பருமன் டயரும் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியுமாக ஒரு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இதை விற்கப் போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி. அந்தச் சும்மாதான் வினை.

வாசலில் வந்து இறங்கியவரைக் காளியாத்தாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"மாடு எங்கீங்க?"

"இதையப் பாரு புள்ளே. ஒத்தைக் கையில தூக்கலாம்."

"பால் கறக்குமுங்களா?"

அன்று முதல் அந்த வீட்டில் அவருக்குப் பாலில்லாத கட்டங்காப்பிதான்.

ஐம்பதைத் தாண்டிய தென்னந்தோப்புக்காரர் அவர். தொப்பை உண்டு, முழங்கால் வலி உண்டு. சைக்கிள் வந்த பிறகு இரண்டும் குறைந்ததைக் காளியாத்தாள் கவனித்தாள், வெளியே சொல்லவில்லை. விடிந்ததும் தோப்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார். கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு என்று சுற்றி, மலையடிவாரம் வரை போய்விட்டு வருவார். எந்த வாய்க்கால் கரையில் தார் போட்டிருக்கிறது, எந்த முக்கில் நாய் துரத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வேகம் மட்டும் கூடி வரவில்லை. எப்படி வரும்? "எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் நின்று, இறங்கி, முழுப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். போதாக்குறைக்கு அந்த இறுக்கிப் பிடிக்கிற அரைக்கால் சட்டை. முதுகுப் பையில் ஒரு வேட்டியை மடித்துச் செருகியிருப்பார். சொந்தக்காரர்கள் தலை தெரிந்தால் இறங்கி அதைச் சுற்றிக்கொண்டுதான் பேச்சு.

ஒரு நாள் காளியாத்தாள் பொறுமையிழந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் பால் வாங்கி வந்த சொம்பை ணங்கென்று கீழே வைத்தாள்.

"நெதமும் தோட்டத்துல நின்னு பாக்கறமே, அந்த நெல்லியாம்பதி மலை. அதும்மேல இதைய மிதிச்சு ஏறிக் காட்டுங்க. ஏறிட்டீங்கன்னா நான் வாயே தொறக்கல. ஏறலைன்னா இதைய வித்துப்போட்டு எனக்கு மாடு."

"ஏறீட்டாப் போச்சு," என்றார் அவர், வீராப்பில்.

"எளப்பாறிக்குங்க, வேண்டாங்கல. ஆனா எறங்கித் தள்ளப்படாது, வண்டியிலயும் ஏறப்படாது. நான் பின்னாலயே வந்து பாப்பேன்."

சொன்னால் சொன்னதுதான். அவருடைய அக்காள் மகன் சிவப்பிரகாஷைக் காரோடு வரச் சொல்லிவிட்டாள். ஈஸ்வரமூர்த்திக்கு உள்ளூர உதறல். இத்தனை நாளில் அவர் அடிவாரத்தைத் தாண்டியதே இல்லை. அந்தச் சைக்கிள் போய்விட்டால் விடிகாலையில் மறுபடியும் வரப்பில் நின்று கொட்டாவி விட வேண்டியதுதான்.

வழியை யோசித்தபோது இன்னொரு சிக்கல். நேர் ரோட்டில் போனால் முதலமடையில் அக்காள் சுப்பாத்தாள் வீடு. உடன்பிறந்தவள் வாசலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகாமல் போகிற வழக்கம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. உள்ளே போனாலோ உண்ண வைக்காமல் விடமாட்டாள். ஆகவே வயிற்றை லேசாக வைத்துக்கொள்ள, வாய்க்கால் கரையோரமாக ஊரைச் சுற்றிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். பெரிய தந்திரம் செய்துவிட்டதாக நினைப்பு. காரோட்டி வருகிறவன் அந்த அக்காள் பெற்ற பிள்ளை என்பது எப்படியோ மறந்துபோயிற்று.

மலையடிவாரத்துப் போத்துண்டி அணைக்கட்டு மரத்தடியில், அடுக்குச் சட்டியும் வாழை இலையுமாகச் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரமூர்த்தி அவசரமாக வேட்டியைச் சுற்றினார்.

"ஏஞ்சாமி, எம்பட ஊடு உனக்கு வழியிலயே இல்லாமப் போயிருச்சா? பொறந்தவ ஊட்டைச் சுத்திக்கிட்டுப் போற அளவுக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன்?"

"அதில்லீங்க்கா, மலை ஏறோணும், வவுறு லேசா..."

"வெறும் வவுத்தோட மலை ஏறச் சொல்லி எவன் சொன்னான்? உக்காரு!"

உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப் பால், அதன் மேல் கோழிச்சாறு. போதும் என்று அவர் கையை விரித்தால் கைக்குக் கீழே இலையில் இன்னொரு கரண்டி விழுந்தது. காளியாத்தாள் ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாடு தொழுவத்துக்கு வந்துவிட்ட மாதிரியே அவளுக்கு இருந்தது.

வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதல் இரண்டு வளைவு வீம்பில் போயிற்று. மூன்றாவதில் கோழிச்சாறு நெஞ்சுக்கு ஏறியது. இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டும் கால் நகரவில்லை. ஒரு மிதி, ஒரு முனகல், ஒரு மிதி. ரோட்டோரக் குரங்குகள் இவரை அவசரமே இல்லாமல் வேடிக்கை பார்த்தன. கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

பாதி மலையில் கார்க் கதவு திறந்தது.

"இந்த வேகத்துல உக்காந்து வந்தா எனக்குக் கொமட்டுது பிரகாசு. நான் நடந்தே வாரேன்," என்று இறங்கிவிட்டாள் காளியாத்தாள். கொஞ்ச நேரத்தில் சைக்கிளைப் பிடித்தும்விட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தாள், வாய் ஓயவில்லை. மாட்டுக்குக் கொட்டகை எங்கே போடுவது, தீவனப்புல் எந்த மூலையில் விதைப்பது என்று பேச்சு முச்சூடும் மாடுதான். அவருக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

ஒரு கொண்டையூசி வளைவில் சைக்கிள் நின்றது. ஈஸ்வரமூர்த்தி காலை ஊன்றி, கைப்பிடி மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"முடியல புள்ளே. நீ செயிச்சுட்ட. மாட்டையே வாங்கிக்க."

அவள் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கிணறு வற்றியபோதும், வாடல் நோயில் தென்னை பாதி போனபோதும் முடியலை என்று அந்த வாய் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்கள ஆரு இப்பத் தோக்கச் சொன்னா?"

"ஏம் புள்ளே, நீதான..."

"நாஞ் சொன்னா? நாஞ் சொன்னா உடனே தோத்துருவீங்களா? இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் நெதமும் பால் கறக்கோணுமா? தண்ணியக் குடிங்க. எளப்பாறுங்க. ஏறி மிதிங்க!"

அவர் தண்ணீரைக் குடித்தார், மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். அதன்பிறகு அவள் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பலாமரம் வரைக்கும் போங்க" என்பாள். பலாமரம் வந்ததும் "அந்தப் பாலம் வரைக்கும்" என்பாள். எதிரே இறங்கிய பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "கேறிக்கோ சேட்டா, கேறிக்கோ!" என்று மலையாளத்தில் உற்சாகமூட்டிக் கத்திவிட்டுப் போனார். சிவப்பிரகாஷ் ஹாரனை அடித்துத் தள்ளினான். தேயிலைச் செடிகள் தெரிய ஆரம்பித்தன. குளிர்காற்று வந்து முகத்தில் பட்டது. ஏற்றம் முடிகிற கைகாட்டி முக்கில் சைக்கிள் போய் நின்றபோது, ஈஸ்வரமூர்த்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பால் விட்ட டீ. ஈஸ்வரமூர்த்தி அதைக் கண்ணை மூடிக் குடித்தார்.

"இனிச் சைக்கிளப் பத்தி ஆராச்சும் பேசட்டும், பாக்கறேன்," என்றார்.

"ஆரும் பேசல. சைக்கிள் உங்களுது. எறங்காம, தள்ளாம மேல வந்தீங்க, நானே பாத்தேன்." காளியாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, நான் எதுல வந்தேன்?"

"நீ நடந்து வந்த."

"பாதி மலைங்க. உங்களுக்காச்சும் கியரு இருந்துச்சு."

சிவப்பிரகாஷ் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். ஈஸ்வரமூர்த்தி அப்போதுதான் அவள் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை செம்மண். ஒரு செருப்பில் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. எந்த வளைவில் அறுந்தது, எப்போது குத்தினாள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. பலாமரம் வரைக்கும், பாலம் வரைக்கும் என்று அந்தக் காலோடுதான் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள். மனிதருக்கு ரொம்பக் கூச்சமாகிவிட்டது.

"உங்க காலுக்கு ஒரு சைக்கிள்னா, எங்காலுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார். "எந்த மாதிரி மாடு வேணும்னு சொல்லு புள்ளே."

"ரெண்டாம் ஈத்து. செவலை. கன்னுக்குட்டி கெடேரியா இருக்கோணும்," என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, தனக்கு இன்னொரு டீ சொல்லச் சொன்னாள்.